பதினோராவது கம்ப்யூட்டர்

தாராவிக்கு லினக்ஸ் கொள்கைக்காக வரவில்லை. பதினோராவது கம்ப்யூட்டருக்காக வந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல் போட்ட மெஷினில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து வைத்தால், ஒரே நேரத்தில் பத்து மெஷின்கள்தான் அதற்குள் வரலாம். ஹோம் பதிப்பு என்றால் ஐந்து. மெஷினுக்குத் தெம்பில்லாததால் அல்ல, மைக்ரோசாஃப்ட் வைத்த வரம்பு அது. அதற்கு மேல் வேண்டுமா, சர்வர் பதிப்பை வாங்கு, வருகிறவர்களுக்கெல்லாம் லைசென்ஸும் வாங்கு. தொண்ணூறடி ரோட்டில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கிளாஸில் முன்பக்கம் டாலி, எம்எஸ் ஆபீஸ் வகுப்பு. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் செய்கிற டிடிபி. இரண்டுக்கும் பொதுவாக ஒரே மெஷினில் எல்லாருடைய ஃபைல்களும். மாலை வகுப்பு நிரம்பிவிட்டால், கடைசியாக வந்து உட்காருகிற பையனுக்கு மட்டும் ஃபோல்டர் திறக்காது. "ஏலே, இவன் மட்டும் என்னலே பாவம் பண்ணுனான்?" என்பார் கிளாஸ் நடத்திய அண்ணாச்சி. நாசரேத்துக்காரர். சர்வர் லைசென்ஸ் விலையைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

லேமிங்டன் ரோட்டில் ஒரு பழைய பென்டியம் வாங்கி வந்து அதில் ரெட் ஹேட் லினக்ஸ் 9 போட்டோம். 2003 மார்ச்சில் வந்த பதிப்பு, மூன்று சிடி. அதற்குள் சாம்பா இருந்தது. கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1991 கடைசியில் எழுதத் தொடங்கிய நிரல் அது. விண்டோஸ் மெஷின்கள் தங்களுக்குள் பேசுகிற பாஷையைப் பேசி, லினக்ஸையும் அவற்றில் ஒன்றாகக் காட்டிவிடும். பத்து, பதினொன்று என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது.

ஆனால் ரெட் ஹேட் நிறுவும்போது நடுவில் ஒரு திரை வரும். ஃபயர்வால் எப்படி வேண்டும்: ஹை, மீடியம், நோ ஃபயர்வால். இது தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு உவமை சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு சாலுக்கு, அதாவது வரிசை அறைகள் கொண்ட கட்டடத்துக்கு, ஒரே விலாசம், உள்ளே ஒவ்வொரு கோலிக்கும், அதாவது அறைக்கும், ஒரு நம்பர். கம்ப்யூட்டருக்கும் ஒரே முகவரி, உள்ளே 65,535 போர்ட்டுகள். ஒவ்வொரு நிரலும் தனக்கான நம்பரில் உட்கார்ந்திருக்கும். ஃபயர்வால் என்பது கேட்டில் இருக்கிற வாட்ச்மேன், எந்த நம்பரைத் தேடி வருகிறவனை விடலாம் என்று அவனிடம் ஒரு பட்டியல். மீடியம் போட்டால் 1023க்குக் கீழே உள்ள போர்ட்டுகள் அடைபடும். சாம்பாவுக்கு வேண்டியவை 137, 138, 139, 445. நாலுமே கீழே மாட்டிக்கொள்ளும். விலக்குத் தரலாமே என்று பார்த்தால், அந்தத் திரையில் டிக் அடிக்கக் கொடுத்திருந்த பட்டியலில் வெப், எஃப்டிபி, எஸ்எஸ்ஹெச், டிஹெச்சிபி, மெயில், டெல்நெட் எல்லாம் உண்டு, சாம்பா கிடையாது. கீழே 'மற்ற போர்ட்டுகள்' என்று ஒரு வெற்றுப் பெட்டி. அதில் எண்ணையும் டிசிபியா யூடிபியா என்பதையும் நாமே தட்ட வேண்டும். இது தெரிந்தவன் பம்பாயில் எத்தனை பேர்? ஆக, ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான்: "ஃபயர்வால் பந்த் கர்", அதாவது ஃபயர்வாலையே அணைத்துவிடு. நெட்வொர்க் வேலைக்குப் போகிற ஒவ்வொரு பையனும் முதலில் கற்றுக்கொண்ட மந்திரம் இதுதான். மந்திரம் பலித்ததால் அடுத்ததைக் கற்றுக்கொள்ள யாருக்கும் அவசியம் வரவில்லை.

வாட்ச்மேன் இல்லாமல் இருப்பது இந்த ஊர் நெட்வொர்க்குக்குப் புதிதும் அல்ல. 1986இல் மத்திய அரசின் மின்னணுத் துறை எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க் திட்டத்தைத் தொடங்கியபோது, ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இவற்றோடு ஜூஹூவில் இருந்த என்சிஎஸ்டி என்ற தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் ஓர் உறுப்பு. அதன் இயக்குநர் சீனிவாசன் ரமணி, தமிழர். 2014இல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். என்சிஎஸ்டியும் பவாய் ஐஐடியும் முதலில் பேசிக்கொண்டது யூயூசிபி வழியாக. ஒரு யூனிக்ஸ் மெஷின் இன்னொன்றுக்குப் போன் போட்டு, ஃபைல்களை நகலெடுத்துவிட்டு வைத்துவிடும், அவ்வளவுதான். மின்னஞ்சலும் அப்படி நகலான ஒரு ஃபைல்தான். இந்தியாவில் இணையத்தின் ஆரம்பமே ஃபைல் ஷேரிங் என்றால் மிகையில்லை. யார் போன் செய்வார், அவருக்கு எந்த ஃபோல்டர் என்பது இரு பக்கமும் முன்பே பேசி வைத்தது. தெரியாதவன் வரமாட்டான் என்ற நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் அந்த நம்பிக்கை 1988 நவம்பரில் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழுவோடு உடைந்தது.

நமக்கு உடைந்தது பத்து வருடம் கழித்து, செம்பூருக்குப் பக்கத்தில். 1995 ஆகஸ்ட் 15இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. ஜூன் தொடக்கத்தில் 'மில்வோர்ம்' என்ற பெயரில் இயங்கிய வெளிநாட்டுப் பொடியன்கள் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நெட்வொர்க்குக்குள் புகுந்து மின்னஞ்சல்களை அள்ளிக்கொண்டு போனார்கள், இணையப் பக்கத்தில் காளான் மேகத்தின் படத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாதவர்கள். செம்பூரில் வீட்டுக்கு வீடு ஒருவர் அணுசக்தி நகரிலோ டிராம்பேயிலோ வேலை பார்த்த காலம். ஃபயர்வால் என்ற சொல் தமிழ் வீடுகளின் காபி நேரத்துப் பேச்சுக்கு வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். சொல் வந்ததே தவிர, சுவர் வரவில்லை.

வந்தது கேபிள்வாலாவின் வயர்.

வளைகுடாப் போர் காலத்திலிருந்தே மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சொசைட்டிக்குச் சொசைட்டி மொட்டைமாடி வழியாக டிவி கேபிள் ஓடிக்கொண்டிருந்தது. 2000க்குப் பிறகு அதே கம்பியோடு சேர்த்துக் கட்டி நீல நிற காட்-5 வயரையும் இழுத்தார்கள். ஈதர்நெட் வயர் நூறு மீட்டருக்கு மேல் போனால் சிக்னல் தேறாது. அதனால் இரண்டு மூன்று கட்டடத்துக்கு ஒன்றாக, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஒரு சுவிட்ச். பகலில் தாராவி கிளாஸ், சாயங்காலம் செம்பூரில் ஒரு கேபிள்வாலாவிடம் வயர் கிரிம்ப் செய்கிற வேலை, இப்படித்தான் என் நாட்கள் ஓடின. சேடா நகர் முருகன் கோவிலைச் சுற்றியிருக்கிற மொட்டைமாடிகளில் எந்தத் தொட்டி ஒழுகும் என்பதுகூட எனக்கு அத்துப்படி.

வெளியே போகும் லைன் மகா மெதுவு. ஆனால் தெருவுக்குள் நூறு மெகாபிட். யார் வீட்டு மெஷினிலிருந்தும் யார் வீட்டுக்கும் ஒரு சினிமா நிமிடங்களில் போய்ச் சேரும். 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' ஐகானைத் தட்டினால் தெருவே வரிசையாக நிற்கும், பாதி வீடுகளில் சி டிரைவ் முழுக்கத் திறந்தபடி. பெயர்களைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இதற்கு மேல் டிசி++ வந்தது. ஜோனதன் ஹெஸ் 1999இல் தொடங்கிய டைரக்ட் கனெக்ட் என்ற ஃபைல் ஷேரிங் முறைக்கு, ஜாசெக் சியெகா 2001இல் எழுதிய திறந்த மூல நிரல். கேபிள்வாலாவின் மெஷினில் 411ஆம் போர்ட்டில் ஒரு ஹப் ஓடும். அதில் ஒரு ஃபைல்கூட இருக்காது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியலும் அரட்டையும்தான். ஃபைல் வீட்டுக்கு வீடு நேராகப் போகும். பவாய் ஐஐடி ஹாஸ்டல்களில் இந்த மோகம் போன போக்கில், 2007இல் நிர்வாகம் இரவு நேர இணையத்தையே நிறுத்தியது. திருட்டு சினிமாதான் அதிகம் ஓடியது என்பதை மறைப்பதில் பொருள் இல்லை. எல்லாம் அதுவே என்பதும் சரியல்ல.

சேடா நகரில் ஒரு பாலக்காட்டு மாமா. ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டிக் கச்சேரி ஒன்று விடமாட்டார். வீட்டு விசேஷங்களில் பாடியவர்களைத் தானே கேசட்டில் பதிந்து, பிறகு ஒவ்வொன்றாக கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார். அதை அக்கம்பக்கத்தார் கேட்க வேண்டும் என்று ஆசை. பேரன் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டான். நான் ஃபயர்வாலில் போர்ட் திறக்கிறேன் என்றதும் மாமா கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். தொறந்து விட்டா எல்லாரும் என் பேங்க் கணக்கையும் பாத்துடுவாளா?"

நான் அதுவரை சந்தித்த வாடிக்கையாளர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். போர்ட்டைத் திறந்தால் வருகிறவன் அந்த ஒரு நிரலோடு பேசலாம், அவ்வளவே. எந்த ஃபோல்டரைக் கொடுப்பது என்பது அந்த நிரலின் அமைப்பில் இருக்கிறது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஃபயர்வாலை அணைத்துவிட்டு ஃபோல்டரை மட்டும் பூட்டினால், பக்கத்தில் மற்ற நிரல்கள் காத்திருக்கிற போர்ட்டுகள் எல்லாம் ஊருக்குத் தெரியும். சுவரை எழுப்பிவிட்டு, ஷேரில் சி டிரைவ் முழுவதையும் வைத்தால் சுவரால் பயனில்லை. மாமாவுக்கு 'பாட்டு' என்ற ஒரே ஃபோல்டரை வைத்து, இரண்டு பூட்டையும் போட்டுக் கொடுத்தேன்.

2003 ஆகஸ்ட் 11இல் பிளாஸ்டர் புழு கிளம்பியது. 135ஆம் போர்ட் வழியாக விண்டோஸுக்குள் வந்து, அறுபது வினாடியில் மெஷின் அணையும் என்று கெடு வைக்கும். கேபிள்வாலாவின் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தால் தெருவுக்கே வந்த மாதிரி. மறு ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 கொடுத்தது. அதில் ஃபயர்வால் தானாகவே ஓடத் தொடங்கும். இந்தத் தொழிலின் வரலாற்றில் கோடு கிழித்துக் காட்டச் சொன்னால் நான் அந்த மாதத்தில்தான் கிழிப்பேன்.

டிசி++ ஓடத் தொடங்கியதும் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: தடுப்பைத் தொடரவா, நீக்கவா? புழுவுக்குப் பயந்திருந்த ஜனங்கள் தொடரச் சொன்னார்கள். இங்கே அந்த நிரலின் உள்வேலையைச் சொல்ல வேண்டும். டிசியில் ஃபைல் வேண்டும் என்கிறவன்தான் தன் போர்ட் எண்ணைச் சொல்லுவான், கொடுக்கிறவன் அங்கே வந்து சேருவான். கேட்கிறவனின் கதவு சாத்தியிருந்தால், அவன் 'பாஸிவ்' என்று அறிவித்துக்கொண்டு, கொடுக்கிறவனின் கதவுக்குத் தான் போவான். இருவரில் ஒருவராவது திறந்திருக்க வேண்டும். இரண்டு பாஸிவ் சேர்ந்தால் ஒன்றும் நடக்காது. சர்வீஸ் பேக் 2க்குப் பிறகு ஹப் நிறைய ஆள் இருக்கும், அரட்டை ஓடும், ஃபைல் மட்டும் நகராது. ஹப் நடத்தியவர்கள் பாஸிவ் ஆட்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் நிலைமை வந்தது.

லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி. எதைத் திறக்கிறோம் என்று எண்ணால் சொல்லலாம். ஒரு எண்ணைப் பிடித்து, டிசிபி, யூடிபி இரண்டிலும் திறந்தால் போதும். டிசிபியை மட்டும் திறந்துவிட்டு யூடிபியை மறந்தால் வேடிக்கையாக இருக்கும்: ஃபைல் இறங்கும், ஆனால் தேடினால் ஒன்றுமே அகப்படாது. தேடலுக்கான பதில்கள் யூடிபியில் வருவதுதான் காரணம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் மாட்டுங்கா கல்லூரிப் பையன்களிடம் கொஞ்ச நாள் மேதையாக உலவினேன்.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மொட்டைமாடி சுவிட்சுகள் பல பிழைத்தன, தரைத்தளத்து மெஷின்கள் போயின. கிளாஸின் பென்டியமும் போயிற்று. புது மெஷினில், ரெட் ஹேட் 9க்கு வாரிசாக வந்த ஃபெடோராவில் அப்போது புதிதாக வந்திருந்த ஃபெடோரா கோர் 4. அது மூன்று வகையில் எது என்று கேட்கவில்லை, சுவர் எழும்பியே வந்தது. எஸ்ஈலினக்ஸ் என்ற இரண்டாவது காவலும் கூடவே வந்தது. லினக்ஸ் ஃபயர்வாலின் விதிகளை எழுதுகிற ஐபிடேபிள்ஸோடு நான் நேருக்கு நேர் நின்றது அந்த மழைக்குப் பிறகுதான்.

லினக்ஸின் உட்கருவில் இந்தச் சல்லடைக்குத் தலைமுறைகள் உண்டு. 1994 வாக்கில் ஆலன் காக்ஸ் பிஎஸ்டியிலிருந்து கொண்டுவந்தது முதலாவது. யோஸ் வோஸின் ஐபிஎஃப்டபிள்யூஅட்ம் அடுத்தது. 2.2 உட்கருவில் ரஸ்டி ரஸ்ஸலின் ஐபிசெயின்ஸ், 2001 ஜனவரியில் 2.4 உட்கருவோடு அவரே ஐபிடேபிள்ஸ். விதிகள் ஒரு வரிசை. வருகிற பாக்கெட்டை மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியோடும் ஒப்பிடும், முதலில் பொருந்துவதோடு தீர்ப்பு முடிந்துவிடும். ஃபெடோரா அந்த வரிசையின் கடைசியில் 'மீதி எல்லாரையும் தள்ளு' என்று எழுதி வைத்திருக்கும். பையன்கள் 'மைனஸ் ஏ' போட்டு 445ஐத் திற என்று விதி சேர்ப்பார்கள். அது கடைசி விதிக்கும் கீழே போய் உட்காரும். பட்டியலில் கண்ணுக்குத் தெரியும், அங்கே வரை ஒரு பாக்கெட்டும் போய்ச் சேராது. 'மைனஸ் ஐ' போட்டால் வரிசையின் தலையில் செருகப்படும், வேலை செய்யும். ஒரு எழுத்துதான். இதற்காக இரவு முழுக்க உட்கார்ந்து, விடிகாலையில் மெஷினையே ஃபார்மட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்த பள்ளம், சேவ் செய்யாதது. கையால் தட்டிய விதி நினைவகத்தில்தான் இருக்கும், மெஷின் அணைந்தால் போய்விடும். மற்ற ஊர்களில் கரண்ட் போய்ப் போய் இதை அன்றே கற்றுக்கொடுத்துவிடும். பம்பாயில் கரண்ட் அபூர்வமாகத்தான் போகும். தீபாவளிக்குக் கடை அடைத்து, மூன்று நாள் கழித்துத் திறக்கும்போதுதான் ஷேர் வேலை செய்யாது. விதியைப் போட்டவன் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். 2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை காலை, ஊர் முழுக்க மின்சாரம் நின்றதே, நினைவிருக்கிறதா? அன்று மாலை என் போன் ஓயவே இல்லை. பல வருடங்களாக அணையாத மெஷின்கள், சேவ் செய்யாத விதிகள்.

உபுண்டு 2008 ஏப்ரலில் 8.04 பதிப்போடு யூஎஃப்டபிள்யூ என்ற எளிய முகப்பைக் கொண்டுவந்தது. கேட்டவர் வீட்டுக்குத் தபாலில் இலவசமாக சிடி அனுப்பிய காலம் அது, தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய பையன்கள் மாட்டுங்காவில் நிறைய. ஆனால் யூஎஃப்டபிள்யூ உள்ளே இருக்குமே தவிர, ஆன் ஆகி வராது. இன்றைக்கும் அப்படித்தான். ஃபெடோரா எதிர்ப் பாதையில் போய், 2014 டிசம்பரில் ஒரு விசித்திரமான இடத்தில் நின்றது: ஒர்க்ஸ்டேஷன் பதிப்பில் ஃபயர்வால் ஓடும், ஆனால் 1025இலிருந்து 65535 வரை எல்லாம் திறந்திருக்கும். பழைய ரெட் ஹேட்டின் மீடியம், ஏறத்தாழ அதேதான். ஜனங்கள் எப்படியும் அணைத்துவிடுவார்கள், அதற்கு இது தேவலை என்ற கணக்கு. அண்ணாச்சியின் கிளாஸில் நாங்கள் கண்டதை அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

2017 மே 12இல் வானாக்ரை என்ற புழு 445ஐப் பிடித்து உலகைச் சுற்றியது. லினக்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். பன்னிரண்டே நாளில், மே 24இல், சாம்பாவிலேயே ஓட்டை என்று அறிவிப்பு வந்தது: 2010 மார்ச்சிலிருந்து வந்த பதிப்புகள் அத்தனையும். ஜூன் 27இல் இன்னொரு புழு, நாட்பெட்யா. மார்ஸ்க் கப்பல் கம்பெனியின் கணினிகள் விழுந்ததில் நவசேவா ஜேஎன்பிடி துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையம் நின்றுபோய், கண்டெய்னர் லாரிகள் தேங்கின. பரவ அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று அதே 445.

இப்போது தொண்ணூறடி ரோட்டில் ஷேரிங் என்றால் போனிலிருந்து மெஷினுக்கு. வாட்ஸப்பில் அனுப்பினால் பிளெக்ஸ் போர்டுப் படம் நசுங்கிவிடும். அதனால் பையன்கள் லோக்கல்சென்ட் போடுகிறார்கள், அதற்கு 53317, டிசிபியும் யூடிபியும். கேடிஇ கனெக்ட் என்றால் 1714இலிருந்து 1764 வரை. 'போன் தெரியவே மாட்டேங்குதுண்ணே' என்று வருவார்கள், ஃபயர்வாலை அணைத்துக் காட்டினால் தெரியும், அப்படியே விட்டுவிட்டுப் போகப் பார்ப்பார்கள். பழைய மந்திரம் சாகவில்லை. அணைத்துப் பார்ப்பது நோயைக் கண்டுபிடிக்கச் சரி, மருந்து அதுவல்ல. எல்லாப் பழியும் ஃபயர்வால் மேல் போவதும் நியாயமில்லை. 2019இல் சாம்பா 4.11 பழைய எஸ்எம்பி1 பாஷையைத் தானாகப் பேசுவதை நிறுத்தியதும் செம்பூரில் பல ஜெராக்ஸ் கடைகளின் பழைய மெஷின்கள் ஸ்கேனை ஃபோல்டரில் போட மறுத்தன. போர்ட் திறந்தே இருந்தது, பாஷைதான் ஒத்துப்போகவில்லை.

உபுண்டு வைத்திருப்பவர்கள் டெர்மினலில் 'சூடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்' என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். 'இன்ஆக்டிவ்' என்று வந்தால் வாட்ச்மேன் வேலைக்கே வரவில்லை. உங்களுக்கு வேண்டிய எண்ணை மட்டும், உங்கள் ரூட்டருக்குள் இருக்கிற 192.168 முகவரிகளுக்கு மட்டும் என்று குறிப்பிட்டுத் திறந்துவிட்டு, அதன் பிறகு ஆன் செய்யுங்கள். வேறு இடத்து மெஷினில் எஸ்எஸ்ஹெச் வழியாக உட்கார்ந்திருந்தால் அதற்கும் முன்னால் 22ஐத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை லோக்கல் ரயில் பிடித்து நேரில் போய்த்தான் திறக்க வேண்டியிருக்கும்.